ரத்தம் வேறு, ரேகை மங்கல், ஆள் அதே: மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குச் சேர்க்கும் முன் மருத்துவர்கள் உட்காரவைத்து நிறையச் சொல்வார்கள். காய்ச்சல் வரும், வாய் முழுக்கப் புண் வரும், முடி கொட்டும், டோனரின், அதாவது மஜ்ஜை தானம் கொடுத்தவரின், செல்கள் உங்கள் உடம்பையே தாக்கலாம் என்று ஒரு பட்டியல். உயிர் சம்பந்தப்பட்ட விஷயங்கள், சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தப் பட்டியலில் வராத ஒன்று இருக்கிறது. நீங்கள் யார் என்பதற்குச் சாட்சியாக உலகம் கேட்கிற பல விஷயங்கள் வெளியே வரும்போது மாறியிருக்கும். ரத்தப் பிரிவு மாறியிருக்கலாம். ரத்தத்திலிருக்கும் டிஎன்ஏ இன்னொருவருடையதாக இருக்கும். கைரேகையை மெஷின் ஏற்காது. முகம் புகைப்படத்தோடு ஒட்டாது. இதை ஒவ்வொன்றாக முட்டி மோதித் தெரிந்துகொள்வதில் எனக்குப் போனது பல மாத அலைச்சல், வீணாய்ப் போன பரிசோதனைக் கட்டணம், எல்லாவற்றுக்கும் மேலாக ‘இது நான்தானா’ என்று விழித்துக் கிடந்த ராத்திரிகள். அடுத்து போகிறவருக்காவது அது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு நம்பிக்கையைத் தள்ளிவைத்துவிடலாம். ‘ஏழு வருஷத்துக்கு ஒரு முறை உடம்பு முழுசாகப் புதுசாகிவிடும்’ என்று சொல்வார்கள். அது வெறும் சராசரிக் கணக்கு, எந்த உறுப்புக்கும் அப்படியே பொருந்தாது. குடலின் உள்சுவர் செல்கள் 3 முதல் 5 நாளில் உதிர்ந்துவிடும். மேல்தோல் ஏறக்குறைய ஒரு மாதம். சிவப்பணு 120 நாள், பிளேட்லெட் 8 முதல் 10 நாள். எலும்பு ஆண்டுக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு. இதயத் தசை செல்கள் 25 வயதில் ஆண்டுக்கு 1 சதவீதம்தான் மாறும், வயது ஏற ஏற அதுவும் குறையும். பெருமூளைப் புறணியின் நரம்பு செல்கள், பல்லின் எனாமல், கண் லென்ஸின் நடுப்பகுதி ஆகியவை கிட்டத்தட்ட நம் வயதே ஆனவை. 1963 ஒப்பந்தத்துக்கு முன்பு திறந்தவெளியில் நடந்த அணுகுண்டு சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் எகிறியது. அது படிப்படியாகக் குறைந்துவந்த வேகத்தைத் திசுவில் இருக்கும் கார்பன்-14 அளவோடு ஒப்பிட்டுத்தான் எந்தத் திசு எப்போது பிறந்தது என்று கணக்கிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பில் நாளொன்றுக்குச் சுமார் 33,000 கோடி செல்கள் மாறுகின்றன, எடையில் 80 கிராம் அளவுக்கு. அதில் ஐந்தில் நான்குக்கும் மேல் ரத்த செல்கள்.

ஆக, எப்படியும் மாறிக்கொண்டிருப்பதுதான் உடம்பு. மஜ்ஜை மாற்றில் நடப்பதும் மாற்றம்தான், ஆனால் புதிய ரத்த செல்களைச் செய்து தள்ளும் பட்டறையே கைமாறுகிறது. ரத்தம் தொடர்ந்து ஊறும், இன்னொருவரின் வார்ப்பில் ஊறும். தோலும் மூளையும் பழைய ஆளுடையவை. எனவே ஒவ்வொரு அடையாள ஆதாரத்தைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது உடம்பின் எந்தப் பகுதியை நம்பி நிற்கிறது, அந்தப் பகுதி இப்போது யாருடையது? கீழே வரும் ஆலோசனைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்வியிலிருந்து வந்தவை.

அட்மிஷனுக்கு முன்பே செய்ய வேண்டியவை. கைரேகை கேட்கிற எந்தச் சேவையானாலும் பத்து விரலையும் பதிந்துவையுங்கள். கூடவே ரகசிய எண்ணோ கருவிழியோ மாற்று வழியாக இருக்கட்டும். செல்போன் முகத்தையோ விரலையோ மட்டும் நம்பிப் பூட்டியிருக்கக் கூடாது. எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், நம்பகமான ஒருவரிடமும் சொல்லிவையுங்கள், ஏனென்றால் மருந்து மயக்கத்தில் மறக்கும். வங்கிக் கணக்கில் இன்னொருவரும் கையெழுத்துப் போடும் ஏற்பாடு வேண்டும். விரல் நடுக்கமும் மரத்துப்போதலும் இருக்கும்போது கையெழுத்துக் கோணிக்கொள்ளும், ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். அடையாள அட்டை காலாவதியாகும் தேதியையும் பாருங்கள். சிகிச்சை முடிந்த ஓராண்டுக்குள் வருகிறதென்றால் முன்கூட்டியே புதுப்பித்துவிடுவது நல்லது. சிகிச்சைக்குப் பின் எடுக்கிற புகைப்படத்தில் இருக்கப்போகிறவரை நீங்களே அடையாளம் காண மாட்டீர்கள்.

இதைவிட முக்கியமான இன்னொரு வேலை உண்டு, பலரும் கோட்டைவிடுவது இதில்தான். குடும்பத்தில் பரம்பரை நோய் இருக்கிறதா என்று மரபணுப் பரிசோதனை செய்யும் எண்ணம் இருந்தால் மாற்றுக்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு அப்போதே ஒரு சிக்கல் இருக்கும், ரத்தத்தில் நோயின் மரபணு மாற்றங்களும் கலந்திருக்கும். அதனால் தோலிலிருந்து 3 மில்லிமீட்டர் அளவு துண்டெடுத்து, அதிலுள்ள நார் செல்களை வளர்த்து டிஎன்ஏ எடுப்பார்கள். செல்கள் வளரச் சில வாரங்கள் பிடிக்கும். அட்மிஷன் தேதி நெருங்கியபின் இது நடக்கிற காரியமில்லை.

மாற்று நடக்கும் நாளைச் சுழியம் நாள் என்பார்கள். அதற்கு முந்தைய நாட்களில் கீமோவும், சிலருக்குக் கதிர்வீச்சும் கொடுத்துப் பழைய மஜ்ஜையை ஒழித்திருப்பார்கள். பெரிய அறுவை சிகிச்சையை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். கம்பியில் ஒரு பை தொங்கும், பார்க்கச் சாதாரண ரத்தப் பை மாதிரியேதான் இருக்கும், நெஞ்சிலிருக்கும் குழாய் வழியே இறங்கும், அவ்வளவுதான். உடல் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் ஸ்டெம் செல்கள் (ரத்த செல்களை உண்டாக்கும் மூல செல்கள்) இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அவை ரத்தத்தில் சுற்றி, எலும்புக்குள்ளிருந்து வரும் ரசாயன சமிக்ஞையைப் பிடித்துத் தாமாகவே மஜ்ஜைக்குள் குடியேறும். கூடு விட்டுக் கூடு பாயும் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் பையைப் பார்க்கும்போது ஏதேதோ தோன்றும். ஆனால் பாய்வது உயிரோ நினைவோ அல்ல, ரத்தம் செய்யத் தெரிந்த ஒரு குடித்தனம் மட்டும்.

பிறகு காத்திருப்பு. நியூட்ரோபில் என்ற வெள்ளையணுவின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் தொடர்ந்து மூன்று நாள் 500-க்கு மேல் நின்றால் ஒட்டிக்கொண்டது என்று சொல்வார்கள். இது பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம். வெள்ளையணுக்களில் இவை மிகக் குறுகிய ஆயுள் கொண்டவை, அதனால் முதலில் கைமாறுவதும் இவைதான். சிவப்பணு 120 நாள் வாழ்வதால் ரத்தப் பிரிவு நிதானமாகத்தான் மாறும். இடைப்பட்ட மாதங்களில் உங்கள் ரத்தத்தில் பழைய ஆள், டோனர், ஏற்றிய ரத்தம் கொடுத்த முகம் தெரியாதவர்கள் எல்லோருடைய சிவப்பணுக்களும் கலந்து ஓடும். ரிப்போர்ட்டில் கலப்பு என்றோ, பிரிவை உறுதிசெய்ய முடியவில்லை என்றோ வரும். பயப்பட வேண்டாம், லேப் தவறு என்று சண்டைக்கும் போக வேண்டாம்.

திசுப் பொருத்தம், நம் செல் எது அந்நிய செல் எது என்று உடம்பு பிரித்தறிய உதவும் எச்எல்ஏ மரபணுக்களை வைத்துப் பார்ப்பது, ரத்தப் பிரிவு வேறு மரபணு. அதனால் டோனரின் ரத்தப் பிரிவு வேறாக இருப்பது சகஜம். இதில் எந்தப் பக்கம் பொருந்தவில்லை என்பதைப் பொறுத்துத் தொல்லை மாறும். நீங்கள் ஓ, டோனர் ஏ என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பழைய பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியில், ஏ-வுக்கு எதிரான ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் இருக்கும். மஜ்ஜையில் புதிதாக உருவாகும் சிவப்பணுவை அது முளையிலேயே தாக்கும். வெள்ளையணுவும் பிளேட்லெட்டும் ஏறிவிடும், ஹீமோகுளோபின் மட்டும் மாதக்கணக்கில் ஏறாமல் மல்லுக்கட்டும், திரும்பத் திரும்ப ரத்தம் ஏற்ற வேண்டிவரும். நீங்கள் ஏ, டோனர் ஓ என்றால் கதை தலைகீழ். டோனரோடு வந்த வெள்ளையணுக்கள் ஆன்டிபாடி உற்பத்தி செய்து உங்கள் மிச்சமிருக்கும் ஏ சிவப்பணுக்களை உடைக்கும். இது பெரும்பாலும் 5-ஆம் நாளுக்கும் 15-ஆம் நாளுக்கும் இடையே வரும். சிறுநீர் அடர்ந்த நிறமாவது, திடீர் சோர்வு, கண் மஞ்சளாவது தெரிந்தால் காலைவரை காத்திருக்காமல் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.

இந்த இரண்டாவது வகையில் ஒரு வினோதம், எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்தது. ஏ பிரிவின் குறியீடு சிவப்பணுவில் மட்டும் இருப்பதல்ல. ரத்தக்குழாய்ச் சுவரிலும் குடலிலும் இருக்கும், பலருக்கு எச்சிலிலும் சுரக்கும். அதெல்லாம் பழைய ஆளுடையது, மாறாது. ஓ பிரிவு டோனரிடமிருந்து வந்த புதிய நோயெதிர்ப்பு மண்டலம் இதைப் பார்த்துப் பழகி, ஏ-வுக்கு எதிரான ஆன்டிபாடியைப் பொதுவாக உண்டாக்காமல் விட்டுவிடும். ஆக சிவப்பணுவைச் சோதித்தால் ஓ, பிளாஸ்மாவைச் சோதித்தால் ஏ மாதிரி. பல வருஷம் கழித்தும் இப்படியேதான் இருக்கும். விவரம் தெரியாத லேப், மாதிரி மாறிவிட்டது என்று நினைத்து மறுபடி ஊசி குத்தும். இது வெறும் வேடிக்கை இல்லை. இவருக்குச் சிவப்பணு ஓ பிரிவாக இருக்க வேண்டும், ஆனால் பிளாஸ்மாவோ பிளேட்லெட்டோ ஏற்றினால் ஏ அல்லது ஏபி-யாக இருப்பது நல்லது. ‘இப்போது நான் ஓ’ என்று மட்டும் சொன்னால் பாதி உண்மைதான் சொன்னதாகும்.

எனவே பர்ஸில் ஒரு அட்டை. பழைய ரத்தப் பிரிவு, டோனரின் பிரிவு, மாற்று நடந்த தேதி, சிவப்பணு எந்தப் பிரிவு, பிளாஸ்மாவும் பிளேட்லெட்டும் எந்தப் பிரிவு, கதிர்வீச்சுக்கு உட்படுத்திய ரத்தம் மட்டுமே ஏற்ற வேண்டும் என்ற குறிப்பு, சிகிச்சை மையத்தின் தொலைபேசி எண். கடைசிக்கு முந்தைய குறிப்பை அடிக்கோடிடுங்கள். ஏற்றும் ரத்தத்தில் உயிருள்ள டி லிம்போசைட் (டி செல்) என்ற வெள்ளையணு இருந்தால் அது உங்கள் உடம்பைத் தாக்கி உயிருக்கே உலை வைக்கும். மையம் நிறுத்தச் சொல்லும்வரை இந்த விதி நீடிக்கும். பழைய அட்டைகள், ஓட்டுநர் உரிமம், அலுவலக அட்டை என்று பழைய பிரிவு அச்சாகியிருக்கும் இடத்தையெல்லாம் தேடிப் பிடித்து மாற்றச் சொல்லுங்கள். எந்தப் பிரிவை எழுதுவது என்பதை மையத்திடமே கேட்டு, மருத்துவர் கடிதத்தோடு போங்கள். கடிதம் இல்லாமல் போனால் ரத்தப் பிரிவு மாறும் என்பதையே எதிரிலிருப்பவர் நம்ப மாட்டார். சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னொன்று: மூன்று மாத சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி, சிவப்பணுவின் வயதை நம்பி நிற்கும் சோதனை. ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கும் மாதங்களில் அந்த எண் யாருடைய சர்க்கரையைச் சொல்கிறது என்றே சொல்ல முடியாது. விரலில் குத்திப் பார்ப்பதையே நம்புங்கள்.

மஜ்ஜை எவ்வளவு டோனருடையதாகிவிட்டது என்பதைக் கைமெரிசம் என்ற சோதனையில் பார்ப்பார்கள். சுமார் 30-ஆம் நாள், 100-ஆம் நாள், பிறகு நோயைப் பொறுத்து இடைவெளி விட்டு. 95 சதவீதத்துக்கு மேல் டோனர் என்றால் முழுமை என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இந்த இடத்தில் மனசு ஒரு விளையாட்டு விளையாடும், சொல்லிவிடுகிறேன். உங்களுடைய சதவீதம் ஏறினால் வீட்டில் எல்லோரும் கலங்குவார்கள், ஏனென்றால் நோய் திரும்புகிறது என்று அர்த்தமாகலாம். உங்களுடையது குறையக் குறைய இனிப்பு. தன்னுடைய பங்கு பூஜ்ஜியத்தைத் தொட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற நிலைமைக்கு யாரும் நம்மைத் தயார்படுத்துவதில்லை. ஒரே ஒரு நடைமுறை யோசனை: ஒற்றை எண்ணைப் பார்த்து உடைந்துபோகாதீர்கள். டி செல்களில் கலப்பு இருப்பது ஒரு பொருள், மொத்த ரத்தத்தில் கலப்பு கூடிக்கொண்டே போவது வேறு பொருள். எந்த செல்லில் பார்த்தது, போன முறை எவ்வளவு என்று கேளுங்கள்.

டிஎன்ஏ சோதனைகளில்தான் பணம் வீணாகும். எச்சில் துப்பிக் கொடுத்தால் அது நம்முடையது என்று தோன்றும். எச்சிலில் வெள்ளையணுக்கள் ஏராளம், அவை டோனருடையவை. கன்னத்தின் உள்ளே பஞ்சால் தேய்த்தாலும் கலப்படம்தான். வம்சாவளி சொல்லும் வணிகச் சோதனைகள் ஒன்று செல்லாது என்று வரும், அல்லது டோனரின் வம்சத்தை உங்களுடையது என்று சொல்லும். கட்டணம் போனது போனதுதான். இதில் சங்கடமானது பெற்றோர் யார் என்ற சோதனை. அண்ணனோ தம்பியோ டோனராக இருந்து, ரத்தத்தை வைத்துச் சோதித்தால், பெற்ற பிள்ளைக்கு நீங்கள் சித்தப்பா, பெரியப்பா என்று முடிவு வரும். வேரோடு பிடுங்கிய முடி நம்பகமானது, ஆனால் மிக நம்பகமானது தோல் செல்களை வளர்த்து எடுப்பதுதான். நகத்தில்கூட டோனர் டிஎன்ஏ கலந்திருந்ததைக் கண்டிருக்கிறார்கள். எந்தச் சோதனையானாலும் மாதிரி கொடுக்கும் முன்பே மாற்று நடந்ததைச் சொல்லிவிடுங்கள். ஆண் டோனர் அமைந்த பெண்கள் பின்னாளில் கருவுற்றால், தாயின் ரத்தத்தை வைத்துக் கருவின் குரோமோசோம் பார்க்கும் சோதனை அவர்களுக்குப் பொருந்தாது. ஸ்கேன் முதலான வேறு வழிகளைக் கேட்க வேண்டும்.

தோலுக்கு வருவோம். கீமோவில் உள்ளங்கை சிவந்து உரிந்தால் ரேகை மங்கும். மேல்தோலில் தெரியும் ரேகை அங்கே தீர்மானமாவதில்லை. அடித்தோலோடு சேரும் மேடுபள்ளத்தில், கருவிலேயே, ஐந்தாம் மாதத்துக்குள் அமைந்துவிடும். அந்த அச்சு சிதையாதவரை புதுத்தோல் அதே ரேகையோடுதான் வரும். ஆகவே உரிந்துகொண்டிருக்கும்போது புதிதாகப் பதிவு செய்யப் போகாதீர்கள், மங்கிய ரேகையே நிரந்தரப் பதிவாகிவிடும். தோல் நன்றாக வளர்ந்து தடித்தபின் போங்கள். அதுவரை விரலில் ஈரப்பதம் தரும் களிம்பு தடவுங்கள், மெஷினில் வைக்கும் முன் துடைத்துவிடுங்கள். விரல் நகத்தைப் பாருங்கள்: குறுக்கே ஒரு பள்ளமான கோடு ஓடும். கீமோ நாட்களில் வளர்ச்சி நின்ற இடம் அது. மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நகர்ந்து நுனிக்கு வந்து, ஆறு மாத வாக்கில் நகவெட்டியில் போய்விடும். கால் நகத்தில் இன்னும் ஓராண்டு தங்கும். முடி மூன்று முதல் ஆறு மாதத்தில் திரும்ப வரும், முதலில் சுருட்டையாகவோ நிறம் மாறியோ வரலாம், பெரும்பாலும் பிறகு பழையபடி ஆகிவிடும்.

உள்ளே எலும்பில் நடப்பது இதைவிட விசித்திரம். பழைய எலும்பை அரித்தெடுக்கும் செல்கள் ரத்தப் பரம்பரையைச் சேர்ந்தவை, எனவே டோனருடையவை. புது எலும்பைக் கட்டும் செல்கள் உங்களுடையவை. ஒருவர் இடிக்க மற்றவர் கட்ட, ஒரே எலும்புக்கூடு. ஸ்டீராய்டு இந்தச் சமநிலையைக் கெடுக்கும் என்பதால் எலும்பு அடர்த்தி ஸ்கேன், கால்சியம், வைட்டமின் டி பற்றி நீங்களே ஞாபகப்படுத்துங்கள்.

ரத்தம் மாறியது என்னை அவ்வளவாக உலுக்கவில்லை. உலுக்கியது ஸ்டீராய்டும் மூளை மந்தமும்தான். டோனர் செல்கள் தாக்கும்போது உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரை ஸ்டீராய்டு கொடுப்பார்கள். முகம் உருண்டை, தூக்கம் போச்சு, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவது, அடுத்த நிமிஷம் அழுகை. கூடவே கீமோவின் மறதி: தெரிந்த பெயர் வாய்க்கு வராது, படித்த பத்தியையே திரும்பப் படிப்போம். மூளையின் நரம்பு செல்கள் டோனருடையவை இல்லை என்று தெரிந்திருந்தும், ‘நான் நானில்லை’ என்று முழுசாகத் தோன்றியது அந்த வாரங்களில்தான். மருந்தின் அளவு குறையக் குறைய ஆள் திரும்பிவருவதை வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள். அதுவரை சொத்து, வேலை, உறவு சம்பந்தமான எந்தப் பெரிய முடிவும் வேண்டாம். மருந்து நேரம், பேசியது, கொடுத்தது, வாங்கியது எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். ஸ்டீராய்டை நீங்களாகத் திடீரென்று நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.

டோனரின் ருசியும் குணமும் வந்துவிடும் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். சாப்பாடு வேறு மாதிரி ருசிப்பது கீமோ நாக்கைச் சுட்டதால், சில மாதங்களில் பெரும்பாலும் சரியாகும். உண்மையில் வரக்கூடியது ஒன்று உண்டு, அலர்ஜி. டோனருக்கு ஏதாவது உணவோ மருந்தோ ஒத்துக்கொள்ளாது என்றால் அது உங்களுக்கும் வரலாம். சொந்தக்காரர் என்றால் நேரே கேளுங்கள், டோனர் பதிவகத்திலிருந்து வந்த முகம் தெரியாதவர் என்றால் மையத்தின் மூலம் கேளுங்கள். வருவது இருக்க, போவதும் இருக்கிறது: சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளின் நினைவு பெரும்பாலும் அழிந்துவிடும். சுமார் ஆறு மாதத்திலிருந்து செயலிழந்த வகைத் தடுப்பூசிகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுவார்கள். தட்டம்மை போன்ற உயிருள்ள கிருமி வகையை இரண்டு ஆண்டு முடியாமல், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து நிற்காமல் போடக் கூடாது. பழைய தடுப்பூசி அட்டையைக் காட்டி ‘எல்லாம் போட்டாச்சு’ என்று சொன்னால் மற்ற மருத்துவர்கள் நம்பிவிடுவார்கள், புது அட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

டோனருக்கும் ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள், இதை யாரும் யோசிப்பதில்லை. அவருடைய டிஎன்ஏ இப்போது இரண்டு பேரின் ரத்தத்தில் ஓடுகிறது. தடயவியல் சோதனையில் ரத்தக்கறை யாருடையது என்ற கேள்வி வந்தால் இருவரில் யாரை வேண்டுமானாலும் காட்டும். மாற்று நடந்த தேதி, கொடுத்தவர், பெற்றவர் பெயரோடு சிகிச்சை மையத்தின் முத்திரையிட்ட ஒரு பக்கம் போதும். டிஸ்சார்ஜ் அன்று சம்மரியோடு சேர்த்தே கேட்டால் அரைமணி நேர வேலை. வருஷங்கள் கழித்துப் போனால், கோப்பு எந்த அறையில் இருக்கிறது என்று தேடுவதிலேயே நாள் போய்விடும்.